மத்தியான மாத்திரை

மருந்து கம்பெனியில் இன்ஜினியர் என்று சொன்னால், கேட்டவர் உடனே தன் மூட்டு வலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று கேட்பார். மருந்து செய்கிறவள் நான் இல்லை, மருந்தை அடைக்கிற அட்டையைச் செய்கிறவள் என்று விளக்கினால், முகத்தில் இருந்த மரியாதையில் பாதி இறங்கிவிடும். "ஓ, பேக்கிங்கா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்த என் சித்தப்பா, "டப்பால போடறதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்று நடு வீட்டில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவர் சட்டைப் பையிலிருந்த அட்டையை வாங்கி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி ஜன்னல் கட்டையில் வைத்தேன். "இது இங்கியே இருக்கட்டும். பொங்கலுக்கு வருவீங்க இல்ல, அப்ப பாருங்க" என்றேன். பொங்கலுக்கு அவர் வந்தபோது அது பழுப்பேறிக் கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது. அட்டைக்குள் இருந்திருந்தால் இரண்டு வருடம் தாங்கியிருக்கும். அதற்குப் பிறகு சித்தப்பா என் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு மாத்திரை வீணாய்ப் போனதைப் பற்றி மட்டும் இன்றுவரை பேசுகிறார்.

காற்றிலிருக்கும் ஈரம், வெளிச்சம், சூடு, லாரியின் குலுக்கல் இவற்றுக்கெல்லாம் தப்பி மாத்திரை நோயாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு எவ்வளவு கனத்தில் பிளாஸ்டிக், எந்தச் சூட்டில் அதில் குழி போடுவது, மேலே ஒட்டும் அலுமினியத் தாளை எவ்வளவு அழுத்தத்தில் ஒட்டுவது, அந்தத் தாளில் என்ன அச்சிடுவது என்று முடிவு செய்வது என் வேலை. எல்லா எதிரிகளையும் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைப் பற்றி எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. அதை எனக்குக் காட்டியது என் அம்மாவின் மத்தியான மாத்திரை.

எங்கள் ஊர் திருவாலங்காடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அம்மா ஊரார் நிலங்களில் நாற்று நட்டவள். அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டாலையில் வேலை செய்து, அந்தச் சூட்டிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதே கும்மிடிப்பூண்டிக்குத்தான் நான் வேலைக்குப் போகிறேன். விடிந்ததும் ரயில் பிடித்துத் திருவள்ளூர், அங்கிருந்து கம்பெனி பஸ். பெரியபாளையம் தாண்டும்போது பஸ்ஸில் பாதிப் பேர் வாய் திறந்து தூங்குவார்கள். நான் தூங்குவதில்லை. எனக்கு அந்த நேரத்தில்தான் மூளை வேலை செய்யும்.

அப்படி பஸ்ஸில் யோசித்த யோசனை ஒன்று மூன்று வருடங்களுக்கு முன் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஆலையில் ஒரே மெஷினில் நாலு மருந்துகளை அடைப்போம், நாலும் ஒரே மாதிரி சின்ன வெள்ளை மாத்திரைகள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் அச்சு, தாள், உருளை எல்லாவற்றையும் மாற்ற அரை நாள் ஓடிவிடும். நாலுக்கும் ஒரே அளவுக் குழி, ஒரே அமைப்பு, ஒரே கறுப்பு மை என்று ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். பெயரைப் பெரிய எழுத்தில் அட்டைக்குக் குறுக்கே சாய்வாக ஒரே ஒரு முறை போட்டேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. தேதியை ஒரு ஓரத்துக்குத் தள்ளினேன். மாத்திரைக்கு மாத்திரை கிழித்தெடுக்க இருந்த துளை வரிசையையும் எடுத்துவிட்டேன். அது மெஷினின் வேகத்தைக் குறைத்தது. அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னிலையிலும் கைதட்டி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அம்மா அதை நடு வீட்டில், இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணுக்கு கம்பெனில குடுத்தது" என்று சொல்லாமல் விட்டதில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. காலையிலும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை மாத்திரை, மத்தியானம் சாப்பிட்ட பின் பிரஷர் மாத்திரை. இரண்டும் எங்கள் கம்பெனியின் மாத்திரைகள்தான். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

ஆனால் அம்மா முழு அட்டை வாங்கி நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை. ஒரு தடவைக்கு ஏழு ஏழுதான். மெடிக்கல் ஷாப்காரர் கத்தரிக்கோலால் ஏழு மாத்திரைகளை வெட்டி, காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் கத்தரிக்கோலால் அதை ஒவ்வொன்றாக நறுக்கி இரண்டு பவுடர் டப்பாக்களில் போட்டு வைப்பாள். நூறு நாள் வேலைக்குப் போகும்போது மத்தியான மாத்திரை ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள், பாக்குப் பொட்டலத்தோடு. அவளோடு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான். முந்தானையை அவிழ்த்தால் ஆளுக்கொரு வெள்ளித் துணுக்கு இருக்கும்.

முன்பெல்லாம் சர்க்கரை மாத்திரையின் தாள் சிவப்பு மை, பிரஷருக்கு நீல மை. அதைப் பார்த்துத்தான் அம்மா பிரித்து வைப்பாள் என்பது எனக்குத் தெரியாது. நான் தெரிந்துகொள்ளக் கேட்டதும் இல்லை. புதுத் தாள் கடைக்கு வந்த சமயம், "இன்னாடி, ரெண்டும் ஒரே மாரி வருது?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "பேர் போட்டிருக்கும், பாரும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா சர்ச்சில் வேதாகமம் வாசித்தே தமிழ் படிக்கக் கற்றவள். இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தாலும், ஒற்றை மாத்திரையாக நறுக்கிய துண்டில் பேர் எங்கே இருந்தது? சாய்வாகப் போன பெரிய எழுத்தில் ஒன்றோ ஒன்றரையோதான் இருந்தது.

இரண்டு டப்பாவும் எந்த நாளில் கலந்தன என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு மாசி மாதம், ஏரி தூர் வாருகிற வேலை. காலை சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அரை வயிறு கஞ்சியோடு போயிருக்கிறாள். வெயில் ஏறிய பிறகு தலை சுற்றியிருக்கிறது. பிரஷர்தான் ஏறிவிட்டது என்று நினைத்து, சோற்றுக்குக் காத்திருக்காமல் முந்தானையை அவிழ்த்து மாத்திரையை முழுங்கிவிட்டாள். அது பிரஷர் மாத்திரை இல்லை. இறங்கிக்கொண்டிருந்த சர்க்கரையை இன்னும் இறக்குகிற மாத்திரை.

கை நடுங்கி, வேர்வை ஆறாக ஓடி, பேச்சு குழறி விழுந்தவளை நாலு பெண்கள் கரைக்குத் தூக்கி வந்து, டீக்குக் கொண்டுவந்திருந்த சர்க்கரையை அப்படியே வாயில் போட்டிருக்கிறார்கள். அந்த நாலு பேர் இல்லையென்றால் இதை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது. ஆலையிலிருந்து நான் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மா கையில் ஊசியோடு படுத்திருந்தாள். நர்ஸ் என்னிடம் ஒரு வெள்ளித் துணுக்கைக் கொடுத்து, "இதத்தான் சாப்ட்டாங்களாம். இது என்ன மாத்திரைன்னு பாத்து சொல்லுங்க" என்றார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் தாள். நான் வரைந்தது, நான் அளந்தது, நான் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பியது. என்ன மாத்திரை என்று எனக்கே தெரியவில்லை. வெட்கம் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. எனக்கு அந்த இடத்திலேயே என்னை அறைந்துகொள்ளத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு டப்பாவையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். கடையில் முழு அட்டை வாங்கி, காலை மாத்திரையை என் கையால் கொடுப்பேன். மத்தியானத்துக்கு ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவேன். ராத்திரி மாத்திரைக்கு நான் வேலையிலிருந்து வரும்வரை அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். அம்மா முதல் வாரம் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் வெடித்தாள்.

"நான் இன்னா குழந்தையா? ஏரில எல்லாம் கேட்டு சிரிக்கிறாளுங்க, உம் பொண்ணு எண்ணி குடுக்குதாமேன்னு. நீயி ஒரு நாள் வண்டி கிடைக்காம அங்கியே தங்கிட்டா நான் இன்னா பண்றது? சாவிய குடுடி."

"இப்ப குடுக்க மாட்டேன்."

"அப்ப எப்ப?"

"நீ எப்படி வெட்டுனாலும் தப்பா போவாத மாதிரி அட்டை வரட்டும். அன்னிக்கு தரேன்."

வாய் தவறி வந்த வாக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அம்மா தினமும் கிண்ணத்திலிருக்கும் மாத்திரையைப் பார்த்து, "இத்த பண்ணவன் என் கைல கிடைக்கணும். கண்ணு அவிஞ்சவன்" என்று திட்டுவாள். நான் தலையைக் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவேன். கடிகாரம் சுவரில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அதிக நாள் இல்லை. கையிருப்புத் தாள் தீரப்போகிறது, மாதக் கடைசியில் புதுத் தாளுக்கு ஆர்டர் போகும். பழைய அமைப்பிலேயே போய்விட்டால், இன்னும் ஒரு வருடத்துக்கு அதே தாள்தான். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். "நோயாளிகள் அட்டையை வெட்டக் கூடாது என்பதே முறை" என்று மார்க்கெட்டிங்கிலிருந்து பதில் வந்தது. வெட்டக் கூடாதாம். எங்கள் ஊர்ப் பக்கம் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கடிதம் எழுதிப் பயனில்லை என்று புரிந்ததும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராகத் திருவள்ளூருக்குப் போனேன். மெடிக்கல் ஷாப்புகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சலித்துக்கொண்டே ஆனாலும் விவரமாகச் சொன்னார்.

"வெட்டாம குடுத்தா எவம்மா வாங்குவான்? நாளைக்கு வேணும்னா நாளைக்கு வருவான். தேதி கீற பக்கத்த நாங்க வச்சிக்குவோம், எக்ஸ்பைரி தெரியணும் இல்ல. இந்தப் பக்கத்துல இருந்து வெட்டிக்கினே போவோம்."

அதாவது பேரும் தேதியும் கடைக்காரரிடம் நிற்கும். வாங்குகிறவர் கைக்கு வெறும் வெள்ளி போகும். கடைக்குக் கடை இதுதான் வழக்கம். நாங்கள் மெனக்கெட்டு அச்சடித்ததையெல்லாம் ஒரு கத்தரிக்கோல் தினமும் அழித்துக்கொண்டிருக்கிறது. ஆலையில் யாருக்கும் இது தெரியவில்லை. நாங்கள் முழு அட்டையைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

மாதக் கூட்டத்தன்று என் முறை வந்தபோது நான் திரையில் எதையும் போடவில்லை. எங்கள் நாலு மருந்தின் அட்டைகளையும் கடைக்காரர் வெட்டுவது போலவே வெட்டி, அம்மா நறுக்குவது போலவே நறுக்கி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓரத்தில் ஊசிக் குறி வைத்து, கேன்டீனில் வாங்கிய பொரியல் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, ஆலைத் தலைவர் முன்னால் வைத்தேன். அவரும் பிரஷருக்கு எங்கள் மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சார், உங்க மத்தியான மாத்திரைய இதுலேர்ந்து எடுங்க."

சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துக் கிண்ணத்தைக் கிளறினார். ஒன்றை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்து, கீழே போட்டு, வேறொன்றை எடுத்தார். சிரிப்பு மெல்ல நின்றது. கடைசியில், "இதுதான்" என்று ஒன்றை நீட்டினார்.

"அது சர்க்கரை மாத்திரை சார். எங்க அம்மா முழுங்கினதும் அதுதான்."

 மார்க்கெட்டிங்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெட்டறது அவங்க தப்பு இல்லையா?" என்று ஆரம்பித்தார். தலைவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இந்த டிசைன் யாரோடது?"

"என்னுது சார். இதுக்குத்தான் ஆயுத பூஜைக்கு கடிகாரம் குடுத்தீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "ஆர்டர மூணு வாரம் நிறுத்தி வைக்கலாம். அதுக்கு மேல முடியாது. வேகமும் குறையக் கூடாது" என்றார். எனக்கு அது போதும். மூன்று நாள் என்று சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

எங்கள் மெஷினில் தாள் ஒரே சீராக வராது, முன்னே பின்னே நழுவும். ஒவ்வொரு குழிக்கும் நேராக ஒரு பேர் போட்டால், நூறு அட்டை ஓடுவதற்குள் பேர் இரண்டு குழிக்கும் நடுவில் போய் நிற்கும். இதைச் சரிசெய்யும் கருவி எங்களிடம் இல்லை, வாங்கித் தரவும் மாட்டார்கள். பஸ்ஸில் யோசித்தேன், ரயிலில் யோசித்தேன். பேரைக் குழிக்கு நேராக நிறுத்த முடியாது என்றால், பேரைச் சின்னதாக்கி, நெருக்கி நெருக்கித் தாள் முழுக்கப் போட்டுவிட்டால்? தாள் எப்படி நழுவினாலும், கத்தரிக்கோல் எப்படிப் போனாலும், ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழுப் பேராவது மாட்டியே தீர வேண்டும். மருந்தின் பேரும் அளவும் தேதிக்கான இடமும் சேர்ந்து எவ்வளவு சின்னதாகலாம் என்று கணக்குப் போட்டேன். காகிதத்தில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், எதற்கென்று சொல்லாமல் அம்மாவிடம் கத்தரிக்கோலோடு கொடுத்தேன்.

அம்மா கோணல்மாணலாக வெட்டினாள். துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பேர் முழுசாக இருந்தது. நான் குதிக்காத குறை.

அம்மா ஒரு துண்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இது இன்னா, எறும்பு ஊர்ற மாரி? எனக்கு எது இன்னான்னு எப்படி தெரியும்?"

மறுபடியும் அதே தப்பு. படிக்கத் தெரிந்தவர்களுக்காகவே யோசித்திருக்கிறேன். அன்று இரவு முழுக்க என்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் சிவப்பு, நீல மைகளைத் திரும்பக் கொண்டுவருவதாகத் திட்டத்தில் எழுதினேன். வண்ணம் தெரியாதவர்களும் உண்டு. அவர்களுக்காகச் சர்க்கரையின் தாளில் புள்ளிகளும் பிரஷரின் தாளில் கோடுகளும் எழுத்துகளுக்குப் பின்னால் ஓட வேண்டும்; மற்ற இரண்டு மருந்துக்கும் வேறு நிறம், வேறு உரு. இதுவும் தாள் நழுவினால் கெட்டுப்போகாதது, மெஷினின் வேகத்தையும் குறைக்காதது.

முதல் சோதனை ஓட்டம் சொதப்பியது. தாளை ஒட்டுகிற உருளை எப்போதும் சூடாக இருக்கும். மை அதிகமாகிவிட்டதால் அந்தச் சூட்டில் இளகி, உருளையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அட்டைகள் மஞ்சள்தூள் கை பட்ட துணி மாதிரி திட்டுத்திட்டாக வந்தன. மெஷினை ஓட்டுகிறவர் ஆரம்பாக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ். என்னைவிட அந்த மெஷினை அவருக்குத்தான் தெரியும்.

"பேஜாரு பண்ணுது மேடம். சூட்ட கொறச்சி பாக்கலாமா?"

குறைத்தோம். அட்டை அழகாக வந்தது. ஆனால் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அட்டைகளை நீலத் தண்ணீரில் முக்கி, மூடிய ஜாடியில் காற்றை உறிஞ்சி எடுப்போம். ஒட்டு சரியில்லாத குழிக்குள் நீலம் புகுந்துவிடும். எடுத்துப் பார்த்தபோது மூன்று குழிகளில் நீலம். அந்த மூன்றும் மழைக்காலத்தில் சித்தப்பாவின் மாத்திரை மாதிரி உதிர்ந்துபோகும். பேர் தெரிந்து என்ன பயன், மருந்தே இல்லாவிட்டால்?

இரண்டாவது ஓட்டத்துக்குச் சூட்டைத் திரும்ப ஏற்றி, எழுத்தின் கனத்தைக் குறைத்தேன். திட்டுகள் குறைந்தன, போகவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. "பழைய மாதிரியே போட்டுடலாமே, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று நல்லெண்ணத்தோடுதான் பலர் சொன்னார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது. அடுத்த வருடம்வரை அம்மா கிண்ணத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டுமா? ஏரிக்கரையில் முந்தானை முடிச்சோடு நிற்கிற மற்றவர்களுக்குக் கிண்ணம் வைக்க யார் இருக்கிறார்கள்?

தாள் அச்சிடுகிறவர்களிடம் நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன். மைக்கு மேல் சூடு தாங்கும் ஒரு பூச்சு உண்டு, வேறொரு கம்பெனிக்குப் போடுகிறோம் என்று அரை மனதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு சுருள் போட்டுக் கொடுங்கள் என்று அதை வாங்கிக்கொண்டு, கம்பெனி ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது ஓட்டத்தன்றும் மெஷின்காரர் சூட்டைப் பழைய அளவிலேயே வைத்தார். உருளையைத் துணியால் துடைத்து எனக்குக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. அட்டைகளை நீலத் தண்ணீரில் போட்டோம். எடுத்துத் துடைத்து, குழி குழியாகப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தன. மெஷின்காரர் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, கேட்காமலே அட்டையைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிப் பேரைத் தேடினார். "கீது மேடம்!" என்று கத்தினார். நான் ஆலைக்குள் அழுத ஒரே நாள் அது.

ஆர்டர் புதுத் தாளுக்கே போனது. அது மாத்திரை சுமந்து கடைக்கு வரும்வரை காத்திருந்தேன். ஐப்பசியில் திருவள்ளூர்க் கடைக்காரர் என்னைக் கண்டதும், "உங்க சரக்கு வந்துச்சும்மா, கலர் கலரா" என்றார். முழு அட்டையை எடுத்துக் கொடுக்கப் போனவரை நிறுத்தி, "ஏழு ஏழா வெட்டிக் குடுங்க" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து, பீரோவைத் திறந்து இரண்டு டப்பாவையும் காலி செய்து, பொட்டலங்களோடு அம்மா முன்னால் வைத்தேன். அம்மா கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக நறுக்கினாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டிக் கலந்தாள்.  அவள் கை தயங்கவேயில்லை. சிவப்புப் புள்ளி ஒரு டப்பாவுக்கு, நீலக் கோடு ஒரு டப்பாவுக்கு. பதினாலும் சரி.

"இத்த பண்ணவன் நல்லா இருக்கட்டும்" என்றாள். "முன்ன பண்ணானே, அவனத்தான் செருப்பால அடிக்கணும்."

"அத்த பண்ணதும் நான்தாம்மா."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இத்த அதுக்கா குடுத்தாங்க?"

"ஆமா."

திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் டப்பாக்களை மூடினாள், கையை நீட்டினாள். "சாவி." கொடுத்தேன். அந்த ராத்திரி சோறு போட்டாள். சர்க்கரை மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது சுவரில் கடிகாரம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

"எங்கம்மா?"

"கோயிலுக்கு குடுத்துட்டேன். அங்க பிரசங்கம் எப்ப முடியும்னு தெரியாம எல்லாம் தவிக்கிறாங்க." பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏன், இப்ப பண்ணியே, இதுக்கு ஒண்ணு குடுக்க மாட்டாங்களா?"

"இதுக்கு ஒண்ணும் குடுக்கலம்மா."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நீலக் கோடு போட்ட துணுக்கு, மாத்திரை பிதுக்கிய வெறுங்குழி. தாள் கிழிந்த இடம் போக, ஓரத்தில் பேர் முழுசாக இருந்தது.

"ஒரு மணிக்கு சாப்டேன். சோறு துன்னப்புறம்தான்" என்றாள். "இத்த வச்சிக்கோ."